ஏசிஇ டிடி என்று ரிப்போர்ட் வந்தால் ஹார்ட் அட்டாக் வருமா?

கேள்வி: 3 ஜூன், காலை 11:05

அப்பாவுக்கு 48 வயசுல அட்டாக். சித்தப்பாவுக்கு 51ல ஸ்டென்ட் வெச்சாங்க. எனக்கு இப்ப 36. ஆஃபீஸ்ல ஆஃபர்னு சொன்னதால ஒரு டியூப்ல எச்சில் துப்பிக் குடுத்தேன். நேத்து ரிப்போர்ட் வந்துச்சு, பெரிய புத்தகம் மாதிரி. "இதய நோய்: அதிக ஆபத்து"னு சிவப்புக் கட்டம். காரணம்னு ரெண்டு ஜீன் போட்டிருக்கான்: ஏசிஇ டிடி, எம்டிஎச்எஃப்ஆர் சிடி. கீழே பொடி எழுத்துல "பல ஆய்வுகளின் அடிப்படையில்". சும்மா சொல்றான்னு நெனச்சு நெட்ல தேடினா நெஜமாவே ஆய்வு குவிஞ்சு கெடக்கு. அப்ப உண்மைதானே? இந்த ஃபீல்டுல இருந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்க. ரெண்டு நாளா தூக்கம் இல்ல.

3 ஜூன், இரவு 9:40

தம்பி, ஆய்வு குவிந்து கிடப்பதை வைத்து எதையும் முடிவு பண்ணாதே. அந்தக் குவியலில் இருக்கும் பேப்பர்கள் எப்படிப் பிறக்கும் என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். 2000களின் நடுவில் தமிழ்நாட்டில் ஒரு மரபணு லேபில் ஃபெலோஷிப்பில் இருந்தேன். விடிகாலையில் ஐஸ் பெட்டியோடு சர்க்கரை நோய் முகாமுக்குப் போய் ரத்தம் எடுத்து வருவதில் தொடங்கி, ஜெல் ஓட்டி (டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துப் பார்ப்பது), எக்செல்லில் தட்டுவது வரை எல்லாம் எங்கள் வேலை.

சிவப்புக் கட்டத்தை விடு. அப்பாவுக்கு 48, சித்தப்பாவுக்கு 51 என்று எழுதினாயே, அதை விடாதே. ரிப்போர்ட் முழுவதையும் விட அந்த இரண்டு வரியில் சேதி அதிகம்.

சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

3 ஜூன், இரவு 11:20

முதலில் ஏசிஇ.

ரத்த அழுத்தத்தை ஏற்றும் வேலையில் பங்குள்ள ஒரு நொதி. எனாலபிரில், ராமிபிரில் மாத்திரை போடுகிறவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள், அந்த மாத்திரைகள் அடக்குவது இதைத்தான். இந்த நொதிக்கான மரபணுவில், 16ஆவது இன்ட்ரானில் (புரதத்துக்கான குறிப்பு இல்லாத இடைப்பகுதி), 287 டிஎன்ஏ எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. இருந்தால் ஐ, இல்லாவிட்டால் டி. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்பதால் ஆளுக்கு ஐஐ, ஐடி, டிடி என்று மூன்றில் ஒன்று.

1990இல் பிரான்சில் ஒரு குழு, ரத்தத்தில் ஏசிஇ அளவு ஆளுக்கு ஆள் மாறுவதில் கிட்டத்தட்ட பாதியை இந்த ஒரு துண்டே விளக்கிவிடுகிறது என்று காட்டியது. அது இன்றைக்கும் நிற்கிற முடிவு. அடுத்து யாருக்கும் தோன்றுவது என்ன? டிடி என்றால் ஏசிஇ அதிகம், ஏசிஇ அதிகம் என்றால் ரத்தக்குழாய்க்குக் கேடு, ஆகவே மாரடைப்பு. 1992இல் நேச்சர் இதழில் அப்படியே வந்தது: மாரடைப்பு வந்த 610 பேர், வராத 733 பேர், டிடி வந்தவர்களிடம் அதிகம். அதுவும் ஒல்லியாக, கொழுப்புக் குறைவாக இருந்த ஆட்களிடம்தான் வித்தியாசம் எடுப்பாகத் தெரிந்தது. "ஒன்றும் இல்லாதவனுக்கு ஏன் அட்டாக் வந்தது" என்ற கேள்விக்கே விடை கிடைத்த மாதிரி. உலகம் முழுக்க எல்லா லேபும் அன்றைக்கே ஏசிஇ பிரைமருக்கு (அந்த மரபணுத் துண்டைப் பிடித்துப் பெருக்க உதவும் சின்ன டிஎன்ஏ) ஆர்டர் போட்டிருக்கும்.

2000இல் லான்செட்டில் பிரிட்டனின் ஐசிஸ் குழு (பெயரைப் பார்த்துப் பயப்படாதே, இதய நோய் ஆய்வுதான்) 4,629 மாரடைப்பு நோயாளிகள், 5,934 ஒப்பீட்டு ஆட்கள் என்று உட்கார்ந்து எண்ணியது. டிடிக்கு ஆபத்து 1.10 மடங்கு. பத்து பேருக்கு வரும் இடத்தில் பதினொரு பேர். அந்த 1.10கூட 1.00 ஆக இருந்தாலும் ஆச்சரியமில்லை என்கிற விளிம்பில்தான் நின்றது. பழைய ஆய்வுகளையும் சேர்த்து அடுக்கிப் பார்த்தபோது, ஆய்வு எவ்வளவு சின்னதோ அவ்வளவு பெரிய ஆபத்து காட்டியிருந்தது.

உன் சிவப்புக் கட்டம் நிற்பது இதன் மேல்.

4 ஜூன், காலை 7:10

நேற்றுப் படுத்த பிறகு தோன்றியது: ஏசிஇயை மட்டும் திட்டிவிட்டுப் போனால் சரியாகாது. முறையே அப்படி. கேண்டிடேட் ஜீன் ஆய்வு என்றால், நோயைப் பற்றி நமக்கு ஏற்கெனவே தெரிந்ததை வைத்து ஒரு மரபணுவைச் சந்தேகப்பட்டு, நோய் உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் அதன் திரிபை எண்ணிப் பார்ப்பது. வீட்டில் மோதிரம் தொலைந்ததும் முதலில் வேலைக்கார அம்மாவின் பையைப் பார்க்கிற புத்திதான். அவர் எடுத்திருப்பார் என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை, நம் தலையில் தயாராக இருக்கிற பெயர் அது ஒன்றுதான்.

மனிதனுக்கு சுமார் 20,000 மரபணு. நோய்க்குச் சம்பந்தமே இல்லாத 20,000ஐ எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்ட் செய்தாலும், பி 0.05 (சம்பந்தமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வர இருபதில் ஒரு வாய்ப்பு) என்ற வாசலை 1,000 மரபணு சும்மா அதிர்ஷ்டத்தில் தாண்டும். ஊருக்கு ஊர் லேப், லேபுக்கு நாலு மாணவர், மாணவருக்கு நாலு ஜீன். தாண்டியது பேப்பராகும். தாண்டாதது? எங்கள் லேபில் ஒரு மர அலமாரியின் அடித்தட்டு. "வித்தியாசம் இல்லைன்னு எழுதினா எவன் போடுவான்?" என்பார் எங்கள் கைடு. அவர் சொன்னதும் நடைமுறையில் சரிதான்.

2002இல் ஹிர்ஷ்ஹார்ன் என்பவரும் உடன் மூவரும் கணக்குப் பார்த்தார்கள். அதுவரை வெளியான மரபணு–நோய்த் தொடர்புகள் 600க்கு மேல். அவற்றில் மூன்று தடவையாவது சோதிக்கப்பட்டவை 166. அந்த 166இல் தொடர்ந்து உறுதியானவை 6.

4 ஜூன், மதியம் 1:45

"அப்ப எல்லாரும் ஃப்ராடா?" என்று கேட்டவருக்கு: இல்லை. ஃப்ராடு பண்ணாமலே இது நடக்கும், அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

100 நோயாளி, 100 கன்ட்ரோல் (ஒப்பிட எடுக்கும் நோயற்ற ஆட்கள்). அன்றைய இந்திய லேபுக்கு இது மரியாதையான சைஸ். ஆளுக்கு அந்த மரபணு இரண்டு பிரதி, ஆக ஒவ்வொரு பக்கமும் 200. திரிபு கன்ட்ரோலில் 60 பிரதியில் இருக்கிறது என்று வை. அதன் உண்மையான பாதிப்பு 1.1 மடங்கு என்றால் நோயாளிகளிடம் நீ எதிர்பார்க்க வேண்டியது 64. 60க்கு 64ஐ வைத்து யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, பி 0.05க்குப் பக்கத்தில்கூட வராது. வாசலைத் தாண்ட வேண்டுமானால் கிட்டத்தட்ட 80 வர வேண்டும். 80 வந்தால் ஆட்ஸ் ரேஷியோ (ஆபத்து எத்தனை மடங்கு என்ற கணக்கு) 1.5க்கு மேல் போய்விடும்.

புரிகிறதா? இந்த சைஸ் ஆய்வு ஒன்று "கண்டுபிடித்தேன்" என்று வந்தாலே அது 1.5க்கு மேல்தான் சொல்லும். 1.1ஐ 1.1 என்று சொல்ல அதற்கு வாயே கிடையாது. உண்மையான தொடர்பாக இருந்தாலும் ஊதிப் பெருக்கித்தான் வெளியே வரும். அடுத்தவன் அந்த 1.5ஐ நம்பி அவனும் 100 பேரை எடுப்பான். அவனுக்கு வராது. "இனக்குழு வேறுபாடு காரணமாக இருக்கலாம்" என்று டிஸ்கஷனில் ஒரு வரி எழுதி முடிப்பான். அந்த வரியை நானே டைப் அடித்திருக்கிறேன்.

4 ஜூன், இரவு 10:30

80க்கும் 64க்கும் நடுவே 16 பிரதி. அந்த 16 எங்கிருந்தெல்லாம் வரும் என்பதை ஜெல் ஓட்டியவன்தான் சொல்ல முடியும்.

ஏசிஇ பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பிரதியெடுத்துப் பெருக்கும் முறை) ஐ இருந்தால் 490 எழுத்தில் ஒரு பட்டை, டி இருந்தால் 190இல் ஒரு பட்டை. ஐடி ஆளுக்கு இரண்டும் தெரிய வேண்டும். இருட்டறையில் யுவி பெட்டியின் மேல் ஜெல்லை வைத்தால் பட்டைகள் ஆரஞ்சு நிறத்தில் மினுங்கும். ஆனால் பிசிஆருக்குச் சின்னத் துண்டு என்றால் கொள்ளைப் பிரியம். ஐடி சாம்பிளில் 190 பளிச்சென்று வரும், 490 மங்கி நூல் மாதிரி நிற்கும், சில சாம்பிளில் காணாமலே போய்விடும். கண்ணுக்குத் தெரிவது கீழ்ப் பட்டை மட்டும். சீனியர் "டிடி, எழுதிக்கோ" என்பார்.

டிஎன்ஏ பழசாகிச் சிதைந்திருந்தால் இது இன்னும் மோசம், பெரிய துண்டுதான் முதலில் போகும். இப்போது யோசி. நோயாளி சாம்பிள் முகாமில் எடுத்து, வெயிலில் வந்து, ஃப்ரீசரில் கிடந்தது. கன்ட்ரோல் சாம்பிள் பக்கத்துக் கட்டடத்து மாணவர்களிடம் காலையில் எடுத்து அன்றைக்கே பிரித்தது. யாரிடம் டிடி அதிகமாகத் தெரியும்?

இதற்கு மாற்று 90களிலேயே வந்துவிட்டது. டிடி என்று தெரிந்த ஒவ்வொரு சாம்பிளையும், துண்டுக்கு உள்ளேயே ஒட்டுகிற இன்னொரு பிரைமரை வைத்து மறுபடி ஓட்ட வேண்டும். ஐ ஒளிந்திருந்தால் 335இல் பட்டை காட்டிக்கொடுக்கும். செலவும் நாளும் இரட்டிப்பு. செய்த லேபும் உண்டு, செய்யாத லேபும் உண்டு. வெளியான பேப்பரில் இருவரின் டேபிளும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

5 ஜூன், இரவு 9:05

மாணவர்களிடம் கன்ட்ரோல் எடுத்தால் என்ன தப்பு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 22 வயதுப் பையனுக்கு இன்றைக்குச் சர்க்கரை இல்லை, 50இல் வரும். அவனை "நோயற்றவர்" பட்டியலில் போட முடியுமா? இது சின்னத் தப்பு. பெரிய தப்பு வேறு.

அரிசோனாவின் கிலா ஆற்றுப் பகுதிப் பழங்குடி மக்களிடம் சர்க்கரை நோய் மிக அதிகம். அங்கே 4,920 பேரைப் பார்த்து 1988இல் ஒரு ஆய்வு வந்தது. ஜிஎம் என்ற மரபுக்குறி ஒன்று உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் வெகுவாகக் குறைவு. ஆகா, பாதுகாக்கும் ஜீன்! இல்லை. அந்தக் குறி ஐரோப்பிய வம்சக் கலப்பின் அடையாளம். கலப்பு உள்ளவர்களுக்கு நோய் குறைவு, அவர்களிடமே குறியும் இருந்தது. வம்சக் கலப்பு எவ்வளவு என்று பிரித்து வைத்து, ஒரே மாதிரி ஆட்களுக்குள் ஒப்பிட்டபோது வித்தியாசம் கரைந்துபோனது. ஆய்வை எழுதியவர்களே இதை எச்சரிக்கைக்காகத்தான் எழுதினார்கள்.

இப்போது நம் ஊரை யோசி. நூறு தலைமுறையாக அவரவர் சாதிக்குள், அதிலும் அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிக்கொண்ட ஊர். ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் மரபணு விகிதம் மாறும். 2009இல் ஹைதராபாத் சிசிஎம்பியின் தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோர் ஹார்வர்டு ரைக் குழுவோடு சேர்ந்து எழுதிய நேச்சர் பேப்பரில், இந்தியச் சமூகங்கள் பலவும் சிறு கூட்டத்தில் தொடங்கிக் கலக்காமல் பெருகியவை என்று காட்டினார்கள். இங்கே கட்டண ஆஸ்பத்திரியில் நோயாளியையும் அரசுக் கல்லூரியில் கன்ட்ரோலையும் எடுத்தால், நீ எண்ணுவது நோயை இல்லை, சாதியை. எங்கள் படிவத்தில் சாதிக்கு ஒரு கட்டம் இருந்தது. பாதிப் பேர் நிரப்ப மாட்டார்கள், நாங்களும் வற்புறுத்த மாட்டோம். கேட்கவும் கூச்சம்.

5 ஜூன், இரவு 9:20

"நூறு தலைமுறை" என்று நான் எழுதியதற்கு ஆதாரம் கேட்டு ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். பேச்சுவழக்கில் சொன்னது ஐயா, வெகு காலமாக என்று படித்துக்கொள்ளுங்கள். சமூகத்துக்குச் சமூகம் காலம் மாறும்.

6 ஜூன், இரவு 10:50

மன அழுத்த ஜீன் என்று படித்தேனே, அதுவும் இப்படியா என்று கேட்ட தங்கைக்கு.

அதுதான் இந்தக் குடும்பத்திலேயே பெரிய அண்ணன். செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தின் மரபணு. மன அழுத்த மாத்திரைகள் பலவும் பிடிப்பது அந்தப் புரதத்தைத்தான், அதனால் சந்தேகம் இயல்பாகவே அங்கே விழுந்தது. அதற்கு முன்னால் உள்ள பகுதியில் குட்டை, நெட்டை என இரண்டு வடிவம். 1996இல் 505 பேரை வைத்து, குட்டை வடிவம் உள்ளவர்கள் பதற்றக்காரர்கள் என்று வந்தது. 2003இல் நியூசிலாந்தின் டனீடனில், பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட 847 பேரை வைத்துக் காஸ்பி குழு இன்னும் அழகாகச் சொன்னது: குட்டை வடிவம் மட்டும் கெடுக்காது, கஷ்டம் மட்டும் கெடுக்காது, இரண்டும் சேர்ந்தால் மன அழுத்தம். மரபா சூழலா என்ற பட்டிமன்றத்துக்கு நடுவரே தீர்ப்புச் சொன்ன மாதிரி இருந்தது. கேட்டதும் யாருக்கும் பிடித்துப்போகும். பாடப்புத்தகத்திலும் ஏறியது.

2009இல் ரிஷ் குழு 14 ஆய்வுகளின் 14,250 பேரைச் சேர்த்துப் பார்த்தது. கஷ்டங்கள் மன அழுத்தத்தைக் கூட்டின. ஜீன் கூட்டவில்லை, சேர்ந்தும் கூட்டவில்லை. சண்டை பத்து வருடம் ஓடியது. 2019இல் பார்டர் குழு மன அழுத்தத்துக்கு அதிகம் ஆராயப்பட்ட 18 கேண்டிடேட் ஜீன்களை எடுத்து, சில சோதனைகளில் 4,43,264 பேர் வரை வைத்துப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய மரபணுக்களைவிட அந்தப் பதினெட்டும் ஒரு படிகூட மேலே இல்லை.

எத்தனை பேருடைய பிஎச்டி அதற்குள் புதைந்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

இதனால் மன அழுத்தம் பரம்பரையில் வராது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வரும். ஆயிரக்கணக்கான திரிபுகள் ஆளுக்குத் துளி துளியாகச் சேர்ந்து வருகிறது. ஒரு பெயரைச் சொல்லிப் பிடிக்க முடியாது.

8 ஜூன், காலை 6:50

மேலே எழுதியதை எல்லாம் மறுபடி படித்தேன். 100 பேரை வைத்துச் செய்த ஆய்வு எல்லாமே வீண் என்ற தொனி வந்துவிட்டது. அப்படி இல்லை. பாதிப்பு யானை சைஸில் இருந்தால் நூறு பேர் தாராளம்.

1973, லண்டன். முதுகெலும்பு இறுகிப்போகும் ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் நோயாளிகள் 75 பேர், கன்ட்ரோல் 75 பேர். எச்எல்ஏ-பி27 என்ற மரபுக்குறி இருந்தது நோயாளிகளில் 72 பேருக்கு, கன்ட்ரோலில் 3 பேருக்கு. இதற்கு பி வேல்யூ எதற்கு? அதே வருடம் லாஸ் ஏஞ்சல்ஸிலும் அதையே கண்டார்கள். இன்றைக்கும் முதுகுவலியோடு போகும் இளைஞனுக்கு ரூமடாலஜிஸ்ட் எழுதிக் கொடுக்கும் டெஸ்ட் அது. அல்சைமருக்கு 1993இல் வந்த அபோஇ 4ஆம் வகையும் அப்படி நின்றதுதான்.

நம் பக்கத்தில் கணையக் கல் கதை இருக்கிறது. கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் மெலிந்த இளவயது ஆட்களுக்குக் கணையத்தில் கல் சேர்ந்து, வயிற்றுவலி, பிறகு சர்க்கரை. மரவள்ளிக் கிழங்கின் மேல் பழி போட்டு வந்தார்கள். கணையம் தன்னையே செரித்துவிடாமல் டிரிப்சினை அடக்கி வைக்கிற ஸ்பிங்க்1 என்ற மரபணு மீது சந்தேகப்பட்டுப் பார்த்தார்கள். 2002இல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் இந்திய நோயாளிகளில் என்34எஸ் என்ற திரிபு பல மடங்கு அதிகம் என்று கண்டன. இன்றுவரை நிற்கிறது. ஆனால் அந்தத் திரிபு உள்ள பெரும்பாலோருக்குக் கணையத்தில் ஒன்றும் ஆவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சர்க்கரை நோய் நடுவில் நிற்கும். 2000இல் ஆல்ட்ஷுலர் குழு அதுவரை வெளியான 16 தொடர்புகளை 3,000க்கு மேற்பட்டோரிடம் சோதித்ததில் தேறியது பிபிஏஆர்ஜி ஒன்று. பியோகிளிட்டசோன் மாத்திரை பிடிக்கும் புரதம். பிறகு தேறிய இன்னொன்று கேசிஎன்ஜே11, அது டயோனில் என்ற சர்க்கரை மாத்திரை பிடிக்கும் இடத்தின் ஒரு பாகம். மருந்துக்கு அசைகிற இடமாக இருந்ததால் அந்தச் சந்தேகத்தில் சரக்கு இருந்தது என்பது என் எண்ணம். அதிலும் பார், பிபிஏஆர்ஜியின் 'ஆலா' வடிவம் வெள்ளைக்காரர்களைக் காப்பாற்றுகிறது, நம்மைக் காப்பாற்றவில்லை என்று 2006இல் சென்னையின் ராதா, மோகன் குழுவினர் டாலஸ் ஆட்களோடு சேர்ந்து எழுதினார்கள்.

சர்க்கரைக்குப் பொதுவான திரிபுகளில் வலுவானது டிசிஎஃப்7எல்2. ஐஸ்லாந்தில் 2006இல் கிடைத்தது, அடுத்த வருடமே புனே, சென்னை இரண்டிடத்திலும் நம் மக்களிடம் உறுதியானது. ஒரு பிரதிக்குச் சுமார் 1.4 மடங்கு. அதற்கு முன்னால் சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளர் யாருடைய சந்தேகப் பட்டியலிலும் அந்தப் பெயர் இருந்ததில்லை.

9 ஜூன், இரவு 11:00

"இந்தியர்களுக்கே உரிய இதய ஜீன்னு ஒண்ணு இருக்காமே, அதை ரிப்போர்ட்ல காணோமே" என்று தம்பி கேட்டிருக்கிறான். எம்ஒய்பிபிசி3. இதய தசையில் இருக்கும் ஒரு புரதம். அதன் மரபணுவில் 25 எழுத்து விட்டுப்போன வடிவம் தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இருக்கிறது, மற்ற கண்டங்களில் அநேகமாக இல்லை. 2009இல் நேச்சர் ஜெனடிக்ஸில் தண்டபாணி, தங்கராஜ் முதலானோர் எழுதினார்கள். 800 நோயாளி, 699 கன்ட்ரோல். ஆபத்து 5 முதல் 7 மடங்கு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் அன்றைக்கு எங்களுக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை.

இரண்டு விஷயம். ஒன்று, இது இதய தசை வீங்கி, பலவீனப்பட்டு வரும் நோய்க்கானது. உன் அப்பாவுக்கு வந்த ரத்தக்குழாய் அடைப்புக்கு அல்ல. இரண்டு, பிறகு வந்த ஆய்வுகள் கதையைத் திருப்பின. 25 எழுத்து போனவர்களில் ஒரு சிறு பங்கினருக்கு அதே குரோமோசோமில், அதே மரபணுவுக்குள், அரிதான வேறொரு மாற்றமும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. தசை தடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் கூட்டாளிதான் என்று 2018இலும் 2020இலும் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. கூட்டாளி இல்லாத கோடிக்கணக்கானவர்களைச் சும்மா பயமுறுத்த வேண்டியதில்லை.

ஆக, தேறிய ஜீனுக்கும் தீர்ப்பு ஒத்திவைப்புதான்.

11 ஜூன், காலை 8:15

எம்டிஎச்எஃப்ஆர் பாக்கி இருக்கிறது. சுருக்கமாக முடிக்கிறேன், இதற்கு மேல் அதற்குத் தகுதி இல்லை. இதில் 'டி' என்பது ஆங்கில T, ஏசிஇயில் பார்த்த D இல்லை. இரண்டு பிரதியும் T ஆக இருந்தால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருளைக் கொஞ்சம் ஏற்றும், அது ஏறினால் இதயத்துக்குக் கேடு என்று சந்தேகப்பட்டார்கள். உனக்கு சிடி, அதாவது ஒரே பிரதி. ஹோமோசிஸ்டீனைக் குறைத்தால் அட்டாக் குறையுமா என்று 2006இல் இரண்டு பெரிய சோதனைகள் வெளிவந்தன. ஃபோலிக் அமிலமும் பி விட்டமின்களும் அதைக் குறைத்தன, அட்டாக்கைக் குறைக்கவில்லை. நம் ஊரில் ஹோமோசிஸ்டீன் ஏறியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது பி12, அதுவும் சைவம் சாப்பிடுகிறவர் என்றால். ரிப்போர்ட்டோடு "உங்கள் ஜீனுக்கேற்ற விட்டமின் பாக்கெட்" விற்கிறார்களா? விற்பார்கள்.

12 ஜூன், இரவு 9:30

சரி, என்ன செய்வது என்று நியாயமாகக் கேட்டாய்.

லிப்பிட் ப்ரொஃபைல், சர்க்கரை, பிரஷர் எடு. எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 190க்கு மேல் இருந்தால் குடும்ப வழிக் கொலஸ்ட்ரால் நோயா என்று டாக்டரிடம் கேள். அதற்கான ஜீன் டெஸ்ட் உண்மையிலேயே பயனுள்ளது, உன் ரிப்போர்ட்டில் இருக்கும் வகையறா இல்லை.

கூடவே லிப்போபுரோட்டீன்-ஏ, ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒரு துகள். லேபில் 'எல்பி-ஏ' என்று கேட்டால் தெரியும். அந்த அளவு ஒருவருக்கு எவ்வளவு என்பதைப் பெரும்பகுதி தீர்மானிப்பது எல்பிஏ என்ற ஒரே மரபணு. அதற்குள் ஒரே மாதிரியான பகுதி திரும்பத் திரும்ப வரும். திரும்பல் குறைவாக இருந்தால் ரத்தத்தில் அளவு அதிகம். சாப்பாட்டாலும் நடையாலும் பெரிதாக மாறாது, ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையும் குறைக்காது. 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் கவனம். ஆயுளில் ஒரு தடவை பார்த்தால் போதும் என்பதால்தான் ஐரோப்பிய இதயநோய்ச் சங்கம் 2019 முதல் எல்லோருக்கும் ஒரு முறை பார்க்கச் சொல்கிறது. பரம்பரை ஆபத்தைத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இது பரம்பரைதான், எச்சில் வேண்டாம், ரத்தம் போதும்.

இன்னொன்று. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் முதல் மாரடைப்பின் சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53, மற்றவர்களுக்கு 58.8. இந்த இடைவெளிக்கு அவர்கள் கண்ட காரணங்களில் பெரும்பகுதி, புகை, கொழுப்பு, சர்க்கரை, பிரஷர் எல்லாம் நமக்கு இளவயதிலேயே ஏறிவிடுவதுதான். புது ஜீன் ஏதும் தேவைப்படவில்லை. சிகரெட் பிடிப்பாயா என்று நீ எழுதவே இல்லை.

12 ஜூன், இரவு 9:50

பாலிஜெனிக் ஸ்கோர் (பல திரிபுகளின் சிறு சிறு பாதிப்பைக் கூட்டிச் சொல்லும் மதிப்பெண்) பற்றிக் கேட்டவருக்கு: அது வேறு ஜாதி. சந்தேகப்பட்டுப் பொறுக்காமல், மரபணுத்தொகை முழுவதையும் லட்சக்கணக்கானவர்களிடம் அலசி, பி வாசலை 0.00000005 என்று வைத்து வந்த ஜீவாஸ் ஆய்வுகளின் பிள்ளை. சரக்கு உண்டு. ஆனால் பெரும்பாலும் ஐரோப்பிய ரத்தத்தில் தைத்த சட்டை, நமக்குப் போட்டால் தோள் நிற்காது. நம்மவர்களை வைத்துத் தைப்பது நடந்துகொண்டிருக்கிறது.

19 ஜூன், இரவு 10:10

தம்பியின் ரிசல்ட் பார்த்தேன். எல்டிஎல் 148, எல்பி-ஏ 71. ஒரு நாளைக்கு நாலு சிகரெட் என்பதையும் இப்போதுதான் வாய் திறந்து சொல்கிறான்.

71 அதிகம்தான். இந்த எண்ணையும் அப்பா, சித்தப்பா வயதையும் ஒரே தாளில் எழுதிக் கார்டியாலஜிஸ்ட்டிடம் கொடு. எல்டிஎல்லை எவ்வளவு இறக்க வேண்டும், மாத்திரை வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார், நான் டாக்டர் இல்லை. கூடப் பிறந்தவர்களுக்கும் எல்பி-ஏ ஒரு தடவை பார்த்துவிடச் சொல். ஏசிஇ ரிப்போர்ட்டைக் கொண்டுபோக வேண்டாம், அவர் அதைப் படிக்கும் நேரத்தில் உன் நெஞ்சை ஒரு தடவை கூடுதலாகக் கேட்பார்.

20 ஜூன், காலை 7:00

அதே கம்பெனியில் குழந்தைக்கு "விளையாட்டுத் திறமை ஜீன்" பார்க்கலாமா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். ஏசிடிஎன்3 என்பார்கள். வேகமாகச் சுருங்கும் தசைநாரில் இருக்கும் புரதம். சிலருக்கு அது உடம்பில் உருவாவதே இல்லை, உலகத்தில் நூறு கோடிக்கு மேல் அப்படி இருக்கிறார்கள். 2003இல் ஆஸ்திரேலியாவின் உயர்மட்ட வேகப் போட்டி வீரர்களிடம் அந்த இல்லாமை மிகக் குறைவு என்று வந்தது, அதுவும் தேறிய கேண்டிடேட் ஜீன்களில் ஒன்றுதான். ஆனாலும் அந்தப் புரதமே இல்லாமல் ஒலிம்பிக் அளவில் நீளம் தாண்டிய ஸ்பெயின்காரர் ஒருவரைப் பற்றியும் பேப்பர் உண்டு. ஆறு வயதுப் பிள்ளை ஓடுவானா என்று தெரிய வேண்டுமென்றால் கிரவுண்டில் விடுங்கள் அம்மா. ஸ்டாப்வாட்ச் போனிலேயே இருக்கிறது.